நாற்பது கோடி மீன் இருக்குது, பிறகென்ன?

எங்கள் நாட்டில் "செமன்" என்றால் ரின்னில் அடைத்த மீன். கடையில் போய் "ஒரு செமன் ரின் தாங்கோ" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் மக்கரல். சல்மனுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. இதால் யாருக்கும் பெரிய நட்டம் இல்லை. குழம்பு நல்லாத்தான் இருக்கும்.

ஆனால் ஒரே பெயரை இரண்டு வேறு மீன்களின் மேல் ஒட்டி, அதைக் கொண்டு ஒரு அழிவையே மறைக்கவும் முடியும். நோர்வேயிலும் ஸ்கொட்லாந்திலும் கனடாவின் கிழக்குக் கரையிலும் இப்போது நடப்பது அதுதான்.

2023 டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தன்னுடைய சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தது. அதுவரை கவலைக்கு இடமில்லாத வகுப்பில் இருந்த அத்திலாந்திக் சல்மன், "அச்சுறுத்தலை அண்மித்தது" என்ற வகுப்புக்கு மாற்றப்பட்டது. 2006க்கும் 2020க்கும் இடையில் ஆறுகளில் வாழும் சல்மனின் உலகத் தொகை 23 வீதம் குறைந்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். இதைக் கேட்டவுடன் வருகிற முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "கொழும்பு சுப்பர்மார்க்கெட்டிலேயே ஐஸில வைச்சு விக்கிறாங்கள். உலகம் முழுக்க சுஷிக் கடையளில கிடக்குது. அது எப்பிடி அழியும்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது. கூடவே, அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற இன்னும் இரண்டு வாதங்களுக்கும் எதிரானது. ஒன்று, "குறைஞ்சால் குஞ்சு பொரிச்சு ஆத்தில விட்டால் சரிதானே." மற்றது, எங்கள் பக்கத்து ஆட்களே சொல்வது: "கலப்பு நல்லதுதானே, ஏன் தூய்மைவாதம் கதைக்கிறியள்?" மூன்றாவதுதான் என்னை இதை எழுத வைத்தது. அதுக்குக் கடைசியில் வருகிறேன்.

நோர்வே எங்களுக்குத் தூரத்து நாடு இல்லை. 2002 ஒப்பந்தத்தின் நடுவர். ஒரு காலத்தில் எங்கட சனம் அதன் வடகரை மீன் தொழிற்சாலைகளில் நின்று மீன் வெட்டியது. நல்ல பெயர் எடுத்த நாடு. அதனால்தான் அந்த நாட்டில் இருந்தே தொடங்குகிறேன். நல்ல பெயரும் நல்ல சட்டமும் நல்ல விஞ்ஞானிகளும் உள்ள இடத்திலேயே இது இப்படி நடக்கிறது என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணிக்கை சொல்லும் பொய்

நோர்வே வருஷத்துக்கு 15 இலட்சம் தொன்னுக்கு மேல் வளர்ப்புச் சல்மன் உற்பத்தி செய்கிறது. உலகில் வளர்க்கப்படும் அத்திலாந்திக் சல்மனில் இது ஏறத்தாழ அரைவாசி. அதன் கடலோர வலைக்கூடுகளுக்குள் சுமார் 40 கோடி மீன்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மறுபக்கத்தில், கடலில் இருந்து நோர்வேயின் ஆறுகளுக்குத் திரும்பி வரும் சல்மனின் தொகை 1980களில் 10 இலட்சத்துக்கு மேல் இருந்தது. இப்போது அதில் அரைவாசி. சில வருஷங்களில் அதிலும் குறைவு.

நோர்வேயில் சட்டப்படி ஒரு வலைக்கூட்டுக்குள் 2 இலட்சம் மீன் வரை வைத்திருக்கலாம். கணக்குப் பாருங்கள். 400க்கும் அதிகமான சல்மன் ஆறுகள் உள்ள ஒரு நாட்டில், அத்தனை ஆறுகளுக்கும் திரும்பி வருகிற முழு மீனையும் மூன்று கூட்டுக்குள் அடைத்துவிடலாம்.

"சல்மன்" என்ற ஒரே சொல்லுக்குக் கீழே இந்த இரண்டு எண்களையும் கூட்டினால், சல்மன் இன்றைக்கு இருப்பதுபோல வரலாற்றில் ஒருநாளும் செழிப்பாக இருந்ததில்லை என்று வரும். கம்பனிகளின் விளம்பரத்தில் பனிமலை, தெளிந்த நீர், துள்ளும் மீன். மீன் வருவது கூட்டில் இருந்து, படம் வருவது ஆற்றில் இருந்து. ஆறு வெறுமையானாலும் படம் தொடர்ந்து ஓடும்.

ஆற்றுக்கு ஒரு மீன்

அத்திலாந்திக் சல்மன் ஆற்றின் பரல்கற்களுக்குள் பொரிக்கிறது. ஒன்று தொடக்கம் சில வருஷங்கள் அங்கேயே வளர்கிறது. பிறகு கடலுக்கு இறங்கி, கிரீன்லாந்துப் பக்கம் வரைக்கும் போய் மேய்ந்து, முட்டையிடுவதற்குத் திரும்பி வருகிறது. வருவது கண்ட ஆற்றுக்கு இல்லை, பெரும்பாலும் தான் பிறந்த அதே ஆற்றுக்கு. அந்த ஆற்றின் மணம் அதன் நினைவில் பதிந்திருக்கிறது. ஒரு சிறு பங்கு வழிதவறி வேறு ஆறுகளுக்குப் போகும். அதுவும் தேவையானதுதான்.

பிறந்த இடத்துக்கே திரும்பி வந்து அங்கேயே இனம் பெருக்கினால் என்ன நடக்கும்? ஓஎல் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததை ஞாபகப்படுத்தினால் போதும். இயற்கைத் தேர்வு ஒவ்வொரு ஆற்றிலும் தனித்தனியாக வேலை செய்யும். ஒரு ஆறு குளிர், மற்றது வெதுவெதுப்பு. ஒன்றில் நீர்வீழ்ச்சி, மற்றதில் அமைதியான சேற்றுத்தரை. ஒன்றில் பனி முந்தி உருகும், மற்றதில் பிந்தி. அந்தந்த ஆற்றில் பிழைக்கத் தெரிந்த பரம்பரையலகுகள் அங்கே தங்கும், மற்றவை கழியும். ஆயிரக்கணக்கான வருஷங்கள் இது நடந்தால் ஒவ்வொரு ஆற்றின் குடித்தொகையும் தன் ஆற்றுக்கு இசைவாகிவிடும்.

இது கவிதைக்காகச் சொல்லும் கதை இல்லை. அளந்து பார்த்திருக்கிறார்கள். மேற்குக் கனடாவின் பிரேசர் ஆற்றில் சொக்காய் என்ற பசுபிக் சல்மன் இனம் இருக்கிறது. ஒரே ஆற்றுத் தொகுதிதான், ஆனால் சில குடித்தொகைகள் கடலில் இருந்து கிட்டத்திலேயே முட்டையிடும். சில, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் எதிர்நீச்சல் போட்டு மலைக்கு ஏறவேண்டும். 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, தூரமும் கடினமும் கூடிய பாதையில் போகும் குடித்தொகைகளின் இதயம் பெரிது என்றும், அவற்றின் உடம்பு நல்லா வேலை செய்யும் வெப்பநிலை அந்தந்தப் பாதையின் வழமையான நீர் வெப்பத்தோடு பொருந்துகிறது என்றும் காட்டியது. பாதை மீனின் இதயத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னால் இங்கே அது உவமை இல்லை.

இன்னொரு உதாரணம் இன்னும் கொடுமையானது. கைரோடக்டிலஸ் சலாரிஸ் என்று ஒரு ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத அளவு. பால்டிக் கடலில் விழும் சில ஆறுகளின் சல்மன் அதோடு நெடுங்காலமாக வாழ்ந்து அதைத் தாங்கப் பழகிவிட்டது. 1970களில், சுவீடனில் இருந்து கொண்டுவந்த மீன்களோடு அது நோர்வேக்குள் வந்தது. நோர்வேயின் அத்திலாந்திக் கரை ஆறுகளில் அந்த ஒட்டுண்ணியை முன்பின் கண்டிராத சல்மன் இருந்தது. சுமார் 50 ஆறுகளில் தொற்றுப் பரவி, இளம் சல்மன் கொத்துக் கொத்தாகச் செத்தது. கடைசியில் ஒட்டுண்ணியை ஒழிப்பதற்கு ஆறுகளுக்குள் ரொட்டினோன் என்ற நஞ்சைக் கலந்து, இருந்த மீனையும் சேர்த்துக் கொல்ல வேண்டி வந்தது. இனம் ஒன்றுதான். அகராதியில் பெயரும் ஒன்றுதான். ஒரு கரையின் மீன் சுமந்து திரிந்தது இன்னொரு கரையின் மீனுக்கு எமன். "சல்மன் எண்டால் சல்மன்தானே" என்ற நினைப்பின் விலை இது.

இந்த வேறுபாடுகளால் மனிசருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அலாஸ்காவின் பிரிஸ்டல் குடாவில் சொக்காய் சல்மன் நூற்றுக்கணக்கான தனித்தனிக் குடித்தொகைகளாக வாழ்கிறது. சில சிற்றோடையில், சில ஏரிக்கரையில் முட்டையிடும். ஒரு வருஷத்தின் காலநிலை ஒன்றுக்குச் சரிவராவிட்டால் மற்றதுக்குச் சரிவரும். மேட்டுக்காணியிலும் பள்ளக்காணியிலும் வேறு வேறு பயிர் வைக்கிற கமக்காரனின் புத்திதான் இது. 50 வருஷத் தரவுகளைக் கொண்டு 2010இல் செய்த கணக்கின்படி, இந்தக் குடித்தொகைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தால் வருஷா வருஷம் மீன்வரவின் ஏற்ற இறக்கம் 2.2 மடங்கு கூடியிருக்கும். மீன்பிடியை மூடவேண்டி வரும் வருஷங்கள் பத்து மடங்கு அதிகமாகியிருக்கும். ஆக, அந்தக் கரையின் மீனவன் வீட்டு அடுப்பு ஒவ்வொரு வருஷமும் எரிவது இந்த வேறுபாடுகளால்தான்.

கூட்டுக்குள் உருவான மீன்

இனி மற்ற மீன். 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் ஆராய்ச்சியாளர்கள் சுமார் 40 ஆறுகளில் இருந்து சல்மன் முட்டைகளைச் சேகரித்து, அவற்றில் இருந்து வளர்ப்பினம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். நன்றாக வளரும் மீனைத் தெரிந்து, அதன் பிள்ளைகளில் நன்றாக வளர்வதைத் தெரிந்து, இப்படியே பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு மேல் போய்விட்டது. இன்றைக்கு நோர்வேக்கு வெளியிலும் பல நாடுகளின் கூடுகளுக்குள் நிற்பது இந்தப் பரம்பரையின் வாரிசுகள்தான். வளர்ப்பகத் தொட்டியில், தீனி தாராளமாக இருக்கும்போது, இவை ஆற்று மீனைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் பெருக்கின்றன. அதே குஞ்சுகளை ஆற்றில் விட்டுப் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆறு தீனி போடாது.

அந்த வளர்ப்பு விஞ்ஞானத்தை நான் இகழவில்லை. ஆட்டையும் மாட்டையும் கோழியையும் மனிசர் பல்லாயிரம் வருஷத்தில் செய்ததை இவர்கள் 50 வருஷத்தில் செய்தார்கள். தெரிந்தே ஒரு வீட்டுப் பிராணியை உருவாக்கினார்கள். வீட்டுப் பிராணியைப் பட்டியில் கட்டாமல் கடலில் ஒரு வலைக்குள் தொங்கவிட்டதுதான் பிழை. பட்டியின் சுவர் ஒரு நூல்வலை. அடுத்த பக்கம் அதன் ஆற்று உறவினர் போகும் பாதை.

இங்கே ஒரு கெட்டிக்கார வாதம் வரும். "40 ஆத்து மீனையும் கலந்து செய்ததெண்டால் வளர்ப்பினத்துக்குள்ளதானே பல்வகைமை கூட?" இதுக்குப் பதில் சொல்லாமல் தாண்டக்கூடாது. பல்வகைமை இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒரு ஆற்றின் மீன்களுக்குள்ளே, பிறகு ஆற்றுக்கும் ஆற்றுக்கும் இடையில். நாற்பது கறியை ஒரே சட்டிக்குள் ஊற்றிக் கிண்டினால் அந்தச் சட்டிக்குள் எல்லாச் சாமானும் இருக்கும், உண்மை. ஆனால் நாற்பது கறி போய் ஒரு கறிதான் மிச்சம். பிறகு அந்த ஒரு கறியையும் வேகமாகப் பெருக்க வேணும், கூட்டில் நெருக்கமாக இருக்க வேணும் என்ற ஒரே ருசிக்கு வற்றக் காய்ச்சியிருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய் மற்ற நாற்பது சட்டிக்குள்ளும் ஊற்றினால் பல்வகைமை கூடுது என்று சொல்கிறவர் எண்ணத் தெரியாதவர், அல்லது எண்ண விரும்பாதவர்.

வலை கிழிந்த பிறகு

வலை கிழியும். புயல் வரும், படகு மோதும், நீர்நாய் கடிக்கும், ஆள் கவனம் தவறும். தப்பிய மீன் ஆற்றுக்கு ஏறும். ஏறினால் என்ன நடக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை.

நோர்வேயின் இம்சா ஆற்றில் வளர்ப்பு மீனையும் ஆற்று மீனையும் சேர்த்து விட்டுப் பார்த்த பரிசோதனையின் முடிவு 2000இல் வந்தது. வளர்ப்பு மீனின் வாழ்நாள் இனப்பெருக்க வெற்றி ஆற்று மீனுடையதில் 16 வீதம் மட்டுமே. ஆனால் அவற்றின் பிள்ளைகள் இடத்துக்கும் இரைக்கும் போட்டி போட்டதால், அந்த ஆற்றின் சொந்தக் குடித்தொகையின் விளைச்சல் 30 வீதத்துக்கு மேல் விழுந்தது. தானும் வாழாமல் மற்றதையும் வாழவிடாமல் போவது என்றால் இதுதான். அயர்லாந்தின் பரிஷூல் ஆற்றில் செய்து 2003இல் வெளியான ஆய்வில், வளர்ப்பு மீனின் பிள்ளைகள் முட்டையில் இருந்து திரும்பி வருவது வரைக்கும் தப்பியது ஆற்று மீனோடு ஒப்பிட 2 வீதம்தான். கலப்புப் பிள்ளைகள் இரண்டுக்கும் இடையில் நின்றன.

"அப்ப இயற்கையே கழிச்சுவிடும், விடுங்கோவன்." கழித்துவிடும், உண்மை. ஒருதரம் தப்பினால் கழித்துவிடும். வருஷா வருஷம் தப்பினால்? ஓட்டைத் தோணியில் இருந்து தண்ணீர் இறைக்கிற கதைதான். ஓட்டையை அடைக்காமல், "பாருங்கோ எவ்வளவு கெட்டித்தனமா இறைக்கிறான்" என்று இயற்கைத் தேர்வைப் புகழ்வதில் என்ன பிரயோசனம்? ஒவ்வொரு முறை கழிக்கும்போதும் அந்த ஆற்றின் ஒரு பகுதிக் குஞ்சும் சேர்த்துத்தான் போகிறது.

நோர்வே விஞ்ஞானிகள் 2016இல் வெளியிட்ட ஆய்வு 147 ஆறுகளின் மீனைப் பரிசோதித்தது. போதிய மாதிரிகள் கிடைத்த 109 ஆறுகளில் வளர்ப்பு மீனின் பரம்பரைப் பங்கு சராசரியாக 6.4 வீதம். சில ஆறுகளில் ஒன்றுமே இல்லை. ஆகக்கூடிய ஆற்றில் 42.2 வீதம். 51 ஆறுகளில் கலப்பு ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. அடுத்த வருஷம் வந்த இன்னொரு ஆய்வு, இந்தக் கலப்பு ஆற்று மீன் எந்த வயதில், எந்த அளவில் முதிர்ச்சியடைகிறது என்பதையே மாற்றிவிட்டது என்று காட்டியது. எத்தனை வருஷம் கடலில் நிற்பது, எப்போது திரும்புவது என்பது ஒரு சல்மனின் வாழ்க்கையில் ஆகப்பெரிய தீர்மானம். அந்தத் தீர்மானத்துக்குள் இப்போது கூடு கை வைத்திருக்கிறது.

கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் 2013இல் ஒரே ஒரு கூட்டில் இருந்து சுமார் 20,000 மீன் தப்பியது. பிறகு அயலில் உள்ள 18 ஆறுகளைப் பார்த்தபோது 17இல் கலப்புக் குஞ்சுகள். பரிசோதித்த குஞ்சுகளில் 27 வீதம் அப்படிப்பட்டவை. ஒரு கூடு!

ஐஸ்லாந்தில் 2023 கோடையில் தப்பியது சுமார் 3,500 மீன்தான். ஆனால் முதிர்ச்சியைத் தள்ளிப்போடுவதற்காகக் கூட்டில் போடும் வெளிச்சம் சரியாகப் போடப்படாததால் அவற்றில் பல முட்டையிடத் தயாராக இருந்தன. அவை ஆறு ஆறாக ஏற, நோர்வேயில் இருந்து சுழியோடிகளை வரவழைத்து, ஈட்டித் துவக்கோடு ஆற்றுக்குள் இறங்கி வேட்டையாட வேண்டி வந்தது. பாடகி பியோர்க், ரொசாலியாவோடு சேர்ந்து ஒரு பாட்டை வெளியிட்டு, அதன் வருமானத்தைத் திறந்த கூடுகளுக்கு எதிரான வழக்குச் செலவுக்குக் கொடுத்தார். அவரின் பாட்டுக்களைக் கேட்கிற எங்கட ஆட்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாட்டு ஏன் வந்தது என்று தெரியும்?

குஞ்சு விட்டால் சரியாகுமா?

இரண்டாவது வாதத்தை அதிகம் இழுக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஹூட் ஆறு. அங்கே சல்மன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீல்ஹெட் என்ற மீனைப் பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விட்டு, அதன் பரம்பரையைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவு: பொரிப்பகத்தில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் இனம் பெருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 40 வீதம் குறைகிறது. வணிகத்துக்காக வளர்த்த மீன் இல்லை, ஆற்றைக் காப்பாற்றவென்றே வளர்த்த மீன். நல்ல எண்ணமும் ஒரு கூடுதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லத்தான் வேணும். நோர்வே 1980களில் இருந்து அந்தந்த ஆற்று மீனின் விந்தை உறையவைத்துச் சேமிக்கிறது. நஞ்சூற்றிய ஆறுகளுக்குச் சொந்த மீனின் வாரிசுகளையே திருப்பிக் கொண்டுவர அப்படிப்பட்ட சேமிப்புகள் உதவுகின்றன. நல்ல வேலை. ஆனால் அது அவசர சிகிச்சைப் பிரிவு. அமைச்சர் ஒருவர் வாளியால் குஞ்சு விடும் படம் பேப்பரில் வந்தால் ஆறு சுகமாகிவிட்டது என்று நினைப்பவர்கள், அவசர சிகிச்சைப் பிரிவைக் காட்டி "பாருங்கோ, எவ்வளவு ஆரோக்கியமான ஊர்" என்று சொல்பவர்கள்.

கலப்பு என்றால் முற்போக்கா?

இனி எங்கட ஆட்களுக்கு. கலைப்பீடத்தில் இருந்துகொண்டு இப்படியான விஷயத்தைக் கதைத்தால் உடனே ஒரு பார்வை வரும். "தூய ஆற்று மீன், அந்நிய மீன், கலப்பால் சீரழிவு... இது எங்கேயோ கேட்ட பாசை மாதிரி இருக்கே?" ஹோமி பாபாவை ஒரு செமஸ்டர் படித்தவர்கள் கலப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டுவார்கள். அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். இரத்தத்தையும் மண்ணையும் பற்றிக் கதைத்துக் கதைத்தே இந்தத் தீவு என்ன ஆனது என்று தெரிந்த யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் வேணும். ஆனால் சந்தேகத்தோடு நிற்காமல் விஷயத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டாமா?

போய்ப் பார்த்தால் முதலில் தெரிவது, நோர்வேயின் எந்த ஆற்றுச் சல்மனும் ஆதிகாலம் தொட்டு அங்கே இருந்த "மண்ணின் மைந்தன்" இல்லை. கடைசிப் பனியுகத்தில் அந்த நிலம் பனிப்பாறைக்குக் கீழே கிடந்தது. சுமார் 10,000 வருஷங்களுக்கு முன்னர் பனி உருகிய பிறகுதான் சல்மன் அந்த ஆறுகளுக்குள் வந்தது. எல்லாமே வந்தேறிகள். வந்த பிறகும் ஆற்றுக்கு ஆறு வழிதவறிப் போய்க் கலந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தக் கலப்பு இல்லாவிட்டால் சிறிய ஆறுகளின் மீன் உறவுக்குள்ளேயே பெருக்கி நலிந்துவிடும். ஆகவே "தூய்மை" என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை. காப்பாற்ற வேண்டியது ஒரு ஆற்றுக்கும் அதன் மீனுக்கும் இடையில் நடந்துகொண்டிருக்கும் கொடுக்கல் வாங்கலை. ஆறு சூடானால் மீனும் மாறவேண்டும். மாறுவதற்குச் சரக்கு வேண்டும், நேரம் வேண்டும். கூட்டு மீனின் வெள்ளம் அந்த இரண்டையும் பறிக்கிறது.

கலப்பு என்று சொல்லிவிட்டு ஏன் அதோடு நின்றுவிடுகிறீர்கள்? யாரோடு யார், எந்தத் திசையில், எத்தனை பேர், யார் தீர்மானித்து என்று கேட்பதுதானே எங்கட படிப்பு? வழிதவறும் ஆற்று மீன் நூற்றில் சில. அது இரண்டு பக்கமும் போகும். கூட்டில் இருந்து வரும் கலப்பு ஒரு பக்கம் மட்டும். கூட்டு மீனின் பரம்பரை ஆற்றுக்குள் போகிறது, ஆற்று மீனின் பரம்பரை கூட்டுக்குள் வருவதில்லை. அது கம்பனியின் சொத்து, காவல் உண்டு. எந்தக் குணம் பெருக வேண்டும் என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது. ஒரு பக்கத்தில் 40 கோடி, மறுபக்கத்தில் சில இலட்சம். இப்படி ஒரு உறவை மனிசருக்குள் கண்டால் நீங்கள் "கலப்பு" என்று கொண்டாடுவீர்களா?

கடைசி வரியை எழுதிவிட்டு நானே ஒரு வேலியும் போடுகிறேன். மீனில் இருந்து மனிசருக்குப் பாடம் எடுக்க வராதீர்கள். மனிசர் ஒரு ஆற்றில் இருந்து இன்னொரு ஆற்றங்கரைக்குப் போனால் பாசை படிப்பார்கள், சட்டை மாற்றுவார்கள், வீடு கட்டுவார்கள், அயலவரிடம் கேட்டு அறிவார்கள். சல்மன் குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. தாய் தகப்பன் கொடுத்த உடம்புதான் அதன் ஒரே முதுசம். இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு "பாத்தியளோ, கலந்தால் கெட்டுப்போகும்" என்று யாராவது கலியாணத் தரகு பார்க்க வந்தால், வாசலோடு திரும்பட்டும்.

யார் விலை கொடுப்பது?

வளர்ப்பு மீன்தான் எல்லா அழிவுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. கடல் சூடாகிறது, அணைகள் பாதையை மறிக்கின்றன, கடலில் தப்பும் மீனின் பங்கே குறைகிறது. ஆனால் நோர்வேயின் சொந்த விஞ்ஞான ஆலோசனைக் குழுவே, தப்பிய வளர்ப்பு மீனையும் கூடுகளில் இருந்து பரவும் சல்மன் பேனையும் ஆற்றுச் சல்மனுக்குப் பெரிய அச்சுறுத்தல்களாகப் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறது. 2024 யூன் மாதத்தில், மீன் வரவு படுமோசமாக இருந்ததால், 33 ஆறுகளில் சல்மன் பிடிப்பதை அரசு நிறுத்தியது. தூண்டில்காரனுக்கு நிறுத்தியாகிவிட்டது. கூடுகள் அப்படியே மிதந்தன.

இன்னொரு முரணைப் பாருங்கள். 2017இல் அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் ஒரு கூட்டுத்தொகுதி இடிந்து சுமார் 2.5 இலட்சம் அத்திலாந்திக் சல்மன் பசுபிக் கடலுக்குள் தப்பியது. அங்கே உள்ள பசுபிக் சல்மன் இனங்களோடு அது கலந்து பெருக வாய்ப்பில்லை. ஆனாலும் அடுத்த வருஷமே அந்த வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் வந்தது. கனடாவும் பசுபிக் கரையில் திறந்த வலைக்கூடுகளை 2029க்குள் நிறுத்துவதாக அறிவித்திருக்கிறது. கலப்பு நடக்க முடியாத கடலில் கூட்டை அகற்றுகிறார்கள். கலப்பு நடந்துகொண்டே இருக்கும் அத்திலாந்திக் கரையில் விரிவாக்கம் பற்றிக் கதைக்கிறார்கள்.

"கரையோரக் கிராமங்களுக்கு வேலை வேணுமே" என்பது நியாயமான கேள்வி. ஆனால் மூடிய தொட்டிக்கும் ஆள்தான் வேணும். மூடிய அமைப்புகளுக்குக் காசு கூட என்று கம்பனிகள் சொல்கின்றன. 2023இல் நோர்வே இந்தத் தொழிலின் மிகை இலாபத்தின் மேல் 25 வீத விசேட வரி போட்டது. விசேட வரி போடும் அளவுக்கு இலாபம் வருகிற தொழிலுக்குச் சுவர் கட்டக் காசில்லையா? தப்பிய மீனை ஆற்றில் இருந்து பிடித்து அகற்றும் செலவைக் கம்பனிகளின் நிதியம் கொடுக்கவேண்டும் என்ற விதியும் அங்கே இருக்கிறது. நல்லது. ஆனால் அது கலியாணம் முடிந்த பிறகு மாப்பிள்ளையை விசாரிக்கிற வேலை.

மலட்டு மீன் வளர்க்கலாம் என்று ஒரு வழி சொல்கிறார்கள். மூன்று தொகுதி நிறமூர்த்தம் கொண்ட மீனை வளர்த்துப் பார்த்தபோது எலும்புக் குறைபாடும் கண்நோயும் கூடின. மீனின் உடம்பை இன்னும் வதைத்துத்தான் ஆற்றைக் காப்பாற்ற வேண்டுமா? பரம்பரையலகைத் திருத்தி மலடாக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. நடக்கட்டும். அதுவரைக்கும் செய்யக்கூடியது எளிமையானது: ஆற்று மீன் போகும் பாதையில் திறந்த கூடு இருக்கக்கூடாது, எந்த மீன் எந்தக் கூட்டில் இருந்து தப்பியது என்று கண்டுபிடிக்க அடையாளம் இருக்க வேண்டும், கெட்டுப்போன ஆற்றின் முழுச் செலவும் அந்தக் கூட்டுக்காரனின் கணக்கில் ஏற வேண்டும்.

சல்மன் வாங்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. எங்களில் பெரும்பாலானோருக்கு அதை வாங்கக் காசும் இல்லை. நான் கேட்பது, எழுதும்போதும் கதைக்கும்போதும் இரண்டு மீனையும் ஒரே எண்ணுக்குள் போடாதீர்கள் என்பதைத்தான். "சல்மன் உற்பத்தி சாதனை" என்று செய்தி வந்தால், எந்த ஆற்றில் எத்தனை திரும்பியது என்று கேளுங்கள். பல்வகைமை என்று யாராவது சொன்னால், எதுக்குள்ளே, எதுக்கும் எதுக்கும் இடையிலே என்று கேளுங்கள். கலப்பு என்று சொன்னால், எந்தத் திசையில் என்று கேளுங்கள்.

மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கோ. குறிப்பாக, மூன்றாவது வாதத்தை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்.